மால்மோவில் வேர்விட்டது, டெல்லியில் ஏன் நிற்கவில்லை? பாப் ஹௌட்டனின் பயிற்சிப் பயணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2008 ஆகஸ்ட் 13 அன்று டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியத்தில் இந்தியக் கால்பந்து அணி தஜிகிஸ்தானை 4-1 என்று தோற்கடித்து, ஜெயித்தால் ஆசியக் கோப்பைக்கு வழி திறக்கிற ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையைக் கைப்பற்றியது. சுனில் சேத்ரிக்கு மூன்று கோல், பாய்ச்சுங் பூட்டியாவுக்கு ஒன்று. 1984-க்குப் பிறகு ஆசியக் கோப்பையை எட்டிப் பார்க்காத அணிக்கு 2011-ல் தோஹா போகும் தகுதி கிடைத்தது. அப்புறம் 2012 மார்ச்சில் அதே சேலஞ்ச் கோப்பைக்காக இந்தியா காட்மாண்டு போனது. மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை.

இரண்டுக்கும் நடுவில் முழுதாக நாலு வருஷம்கூட இல்லை. அந்த இடைவெளியில் நடந்த பெரிய மாற்றம், 2006-லிருந்து அணியை நடத்திவந்த பாப் ஹௌட்டன் 2011 ஏப்ரலில் விலகியது. கோச் போனால் அணி தடுமாறுவது எங்கும் நடப்பதுதான், அதற்கு ஓர் ஆய்வு தேவையில்லை. ஆனால் ஹௌட்டன் விஷயத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு ஊர் இருக்கிறது. ஸ்வீடனில் உள்ள மால்மோ. அங்கிருந்தும் அவர் 1980-ல் கிளம்பிப் போனார். அவர் சொல்லிக்கொடுத்த ஆட்டம் அங்கே நிலைத்தது மட்டுமில்லை, அவர் போன பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஒரே மனிதர், ஒரே பாடம். ஓர் ஊரில் வேர்விட்டது, இன்னோர் ஊரில் அவர் பெட்டியோடு போய்விட்டது.

டெல்லியில் கால்பந்து பார்க்கிற தமிழர்கள் நடுவே ஹௌட்டன் பேச்சு வந்தால் இன்றும் இரண்டு கட்சி. அவரைப் போல ஒருவர் வரவே இல்லை என்று ஒரு கட்சி. தோஹாவில் வாங்கிய அடியை மறந்துவிட்டீர்களா என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பேசுவது முடிவுகளைப் பற்றித்தான். எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பற்றியும், அதைக் கற்றுக்கொள்ள ஓர் அணிக்கு என்ன தேவை என்பதைப் பற்றியும் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

26 வயதில் மால்மோ

ஹௌட்டன் 1947 அக்டோபரில் பிறந்த ஆங்கிலேயர். ஃபுல்ஹாம், பிரைட்டன் கிளப்புகளில் இருந்தார். ஆட்டக்காரராகப் பெயர் சொல்லும்படி எதுவும் அமையவில்லை. ஆனால் மற்றவர்கள் ஆட்ட வாழ்க்கையின் உச்சத்துக்குப் போகிற இருபதுகளிலேயே அவர் ஹேஸ்டிங்ஸ், மெய்ட்ஸ்டன் என்ற சின்ன கிளப்புகளில் பயிற்சிப் பக்கம் வந்துவிட்டார். 1974-ல் மால்மோ அவரை அழைத்தபோது வயது 26. அணியின் நட்சத்திரமான போ லார்ஸன் 1944-ல் பிறந்தவர், அதாவது தன் கோச்சைவிட மூத்தவர்.

அப்போது ஸ்வீடனில் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல் முறை. எதிரணியின் முன்வரிசை ஆட்டக்காரர் எங்கே ஓடினாலும் அவருக்கென்று ஒதுக்கப்பட்ட டிஃபெண்டர் பின்னாலேயே ஓடுவார். எல்லாருக்கும் பின்னால், தப்பிவரும் பந்தைத் துடைக்க ஒருவர் தனியாக நிற்பார். ஹௌட்டன் இதை அடியோடு மாற்றினார். பின்வரிசையில் நாலு பேர் ஒரே கோட்டில். அவர்கள் காப்பது ஆளை இல்லை, இடத்தை. முன்னால் மிட்ஃபீல்டில் இன்னொரு நாலு பேர், அதற்கு முன்னால் இரண்டு பேர். பந்து நகர்ந்தால் மொத்தக் கூட்டமும் சேர்ந்து நகர வேண்டும்.

பலன் உடனே வந்தது. 1974, 1975, 1977 என்று மூன்று முறை ஸ்வீடன் லீக் பட்டம். 1978-79 சீசனில், ஐரோப்பிய நாடுகளின் லீக் சாம்பியன்கள் மோதுகிற ஐரோப்பியக் கோப்பையில் மொனாக்கோ, டைனமோ கீவ், விஸ்வா கிராகோவ், ஆஸ்திரியா வியன்னா என்று ஒவ்வொன்றாகத் தாண்டி இறுதிக்குப் போனது மால்மோ. அந்த அணியில் வெளிநாட்டவர் கிடையாது. பெரும்பாலோர் மால்மோவையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த உள்ளூர்ப் பையன்கள். 1979 மே 30 அன்று மூனிக்கில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டிடம் 0-1 என்று தோற்றார்கள். இடைவேளைக்குச் சற்று முன்பு ஜான் ராபர்ட்ஸன் இடதுபுறத்திலிருந்து அனுப்பிய பந்தை ட்ரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். முக்கியமான சிலர் காயத்தால் ஆடவில்லை, கேப்டன் ஸ்டஃபான் டாப்பரும் பாதியிலேயே வெளியேற வேண்டியதாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் வேறெந்த நார்டிக் நாட்டு கிளப்பும் அந்த இறுதி ஆட்டத்தைத் தொட்டதில்லை.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் தொடங்குகிறது. ஹௌட்டன் தனியாக இல்லை. தன் பழைய சிநேகிதர் ராய் ஹாட்ஜ்ஸனை 1976-ல் ஹால்ம்ஸ்டாட் கிளப்புக்குச் சிபாரிசு செய்து வரவழைத்தார். கீழே கிடந்த அந்த அணி அதே வருஷம் லீக் பட்டம் வென்றது, 1979-ல் மறுபடியும் வென்றது. ஸ்வீடன் பயிற்சியாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். இது நம் ஆட்டத்தின் அழகைக் கொல்கிற இயந்திர ஆட்டம் என்று ஒரு பக்கம், ஜெயிக்கிறதே என்று மறுபக்கம். அந்தச் சண்டையை நான் நல்ல சகுனமாகவே பார்க்கிறேன். ஒரு யோசனையைப் பற்றி ஊரே வாதாடுகிறது என்றால், எதிர்ப்பவர்களும் அதைப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வழியில் வளர்ந்தவர்களில் ஒருவர் ஸ்வென்-யோரான் எரிக்ஸன். அவர் பயிற்சியில் ஐ.எஃப்.கே. யோத்தேபோரி 1982-ல் ஹாம்பர்க்கை வீழ்த்தி யு.இ.எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. அதற்குள் ஹௌட்டன் ஸ்வீடனிலேயே இல்லை. பின்னால் ஹாட்ஜ்ஸன் மால்மோவுக்கே வந்து, 1985 முதல் 1989 வரை தொடர்ந்து ஐந்து சீசன் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தார்.

நாலு பேர் ஒரு கோடு

இந்த முறை காகிதத்தில் ரொம்ப எளிது. ஆடிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ஆர்.கே. புரத்தில் எங்கள் பேட்டைத் தமிழ்ப் பையன்களுக்கு ஞாயிறு காலையில் பந்து சொல்லிக்கொடுக்கிற ஒரு பி.டி. சார் இருக்கிறார். திருச்சிக்காரர், டெல்லியில் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஹௌட்டனைப் புரியவைத்தவர் அவர்தான்.

நாலு பையன்களை வரிசையாக நிறுத்துவார், ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் நடுவே பத்து தப்படி. எதிரே பந்தோடு அவர் மட்டும். பந்தை இடது ஓரத்துக்கு உருட்டினால் இடது பேக் முன்னால் வந்து மறிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவன் ஒரு சரிவில் அவனுக்குப் பின்னால் காவலுக்கு வர வேண்டும். மூன்றாமவன் நடுவுக்கு நகர வேண்டும். நாலாமவன், அதாவது வலது ஓரத்தில் நிற்பவன், தன் ஓரத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். பையன்களுக்கு இதுதான் ஏறவே ஏறாது.

“சார், என் பக்கம் காலியா இருக்கே, அங்க ஒருத்தன் நிக்கிறானே?” என்பான்.

“நிக்கட்டும்டா. பந்து அவன்கிட்ட வர்றதுக்குள்ள நீ திரும்பப் போயிடலாம். பந்து இருக்கிற பக்கம் ஓட்டை விழுந்தா யாருடா அடைக்கிறது?” என்பார் சார்.

அப்புறம் பந்தைப் பின்னால் இழுப்பார். உடனே நாலு பேரும் ஒரே நேரத்தில் நாலு தப்படி முன்னால் வர வேண்டும், அப்போதுதான் எதிரணி முன்வரிசை ஆஃப்சைடில், அதாவது பந்து உதைக்கப்படும்போது நம் வரிசையைத் தாண்டி நின்ற குற்றத்தில், மாட்டும். மூன்று பேர் வந்து ஒருவன் அசந்து நின்றுவிட்டால் கதை முடிந்தது. பஜனைக் கோஷ்டியில் ஒருவர் தாளத்தை விட்டால் பாட்டு மொத்தமும் ஆடிப்போகிற மாதிரி, அந்த ஒருவனால் நாலு பேரின் உழைப்பும் வீண். எத்தனை முறை கத்தினாலும் இது வாயால் வராது. பக்கத்தில் இருப்பவன் எப்போது கிளம்புவான் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். அதற்கு அதே நாலு பேர் தினம் தினம் சேர்ந்து நிற்க வேண்டும். ஹௌட்டனும் ஹாட்ஜ்ஸனும் எதிரணியே இல்லாமல் வெறும் மைதானத்தில் பதினொரு பேரை நகர்த்தி நகர்த்திப் பழக்கியதற்குக் காரணம் இதுதான். ஆட்டக்காரர்களுக்கு அது அலுப்பான வேலை, அலுக்க அலுக்கத்தான் பலன்.

அதாவது அவர் விற்றது அறிவை விடப் பழக்கத்தை. அறிவைப் பத்து நாள் முகாமில் கொடுத்துவிடலாம். ஒரு கூட்டத்தின் பழக்கம் அந்தக் கூட்டம் சேர்ந்திருக்கும் வரைதான் இருக்கும். மால்மோவில் அந்தக் கூட்டம் வருஷம் முழுக்க ஒரே ஊரில், ஒரே கிளப்பில், ஆறு வருஷத்துக்கு மேல் ஒரே கோச்சிடம் இருந்தது. அவர் போன பிறகும் அதே முறையில் பழகியவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

நடுவில் நிறைய ஊர்

1980-ல் இங்கிலாந்து திரும்பி பிரிஸ்டல் சிட்டியில் சேர்ந்தார். உதவிக்கு ஹாட்ஜ்ஸன். நேரம் சரியில்லை. கிளப் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. 1982 தொடக்கத்தில் ஹௌட்டன் விலகினார். அடுத்த மாதமே கிளப்பைக் காப்பாற்ற எட்டு ஆட்டக்காரர்கள் தங்கள் ஒப்பந்தத்தையே விட்டுக்கொடுக்கும் நிலை வந்தது. கூட்டம் கலைந்துபோகிற இடத்தில் கூட்டத்துக்கான பாடம் எடுபடவில்லை.

அடுத்து கனடாவில் டொரண்டோ பிளிசர்ட். 1983, 1984 இரண்டு வருஷமும் வட அமெரிக்க லீக்கின் இறுதிக்குப் போய் இரண்டிலும் தோல்வி. அந்த லீக்கே அடுத்த வருஷம் மூடிவிட்டது. பிறகு மறுபடி ஸ்வீடன், இன்னும் சில நாடுகள். 1998-ல் சீன தேசிய அணியோடு பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். உஸ்பெகிஸ்தானிலும் வேலை பார்த்தார். 2006-ல் இந்தியா அழைத்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, கையில் முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட அனுபவம்.

அம்பேத்கர் ஸ்டேடியத்து ஆகஸ்ட் மாதங்கள்

டெல்லிக்காரர்களுக்கு ஹௌட்டன் என்றால் அம்பேத்கர் ஸ்டேடியம்தான். டெல்லி கேட் பக்கத்தில், கோட்லா கிரிக்கெட் மைதானத்துக்கு அடுத்த வாசல். அப்போது அந்தப் பக்கம் மெட்ரோ வரவில்லை. ஆர்.கே. புரத்திலிருந்தும் ஜனக்புரியிலிருந்தும் பஸ் பிடித்து ஐ.டி.ஓ.வில் இறங்கி நடக்க வேண்டும். ஆகஸ்ட் மழை, புழுக்கம், கேலரியில் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். வெளிநாட்டு அணிகளை அழைத்து இந்தியா நடத்துகிற நேரு கோப்பை, பத்து வருஷ இடைவெளிக்குப் பிறகு 2007-ல் திரும்ப வந்தபோது அந்த ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது.

அந்தப் போட்டியில் இந்தியா கம்போடியாவை 6-0, வங்கதேசத்தை 1-0, கிர்கிஸ்தானை 3-0 என்று வென்றது. சிரியாவிடம் 2-3 என்று தோற்றது. இறுதியிலும் அதே சிரியா. ஆகஸ்ட் 29 அன்று, இடைவேளைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது இடுக்கிக்காரர் என்.பி. பிரதீப் அடித்த ஒரே கோலில் இந்தியா முதல்முறையாக நேரு கோப்பையை வென்றது. எல்லாரும் அந்தக் கோலைப் பற்றிப் பேசினார்கள். பி.டி. சார் எனக்குக் காட்டியது இரண்டாவது பாதியை.

“பந்தைப் பாக்காதப்பா. அந்த நாலு பேரைப் பாரு” என்றார்.

பார்த்தேன். சிரியா வலதுபக்கம் பந்தை எடுத்துப் போனால் நம் பின்வரிசை மொத்தமும் அந்தப் பக்கம் சாயும், எதிர் ஓரம் காலியாகும். பந்து திரும்பி வருவதற்குள் வரிசையும் திரும்பி வந்திருக்கும். முன்னால் மிட்ஃபீல்ட் நாலு பேரும் அதே அளவு இடைவெளியோடு கூடவே வருவார்கள். இந்திய அணி இப்படி ஆடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொருவரும் தன் ஆளைத் துரத்திக்கொண்டு ஓடுகிற ஆட்டத்தைத்தான் அதுவரை பார்த்திருந்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் பின்வரிசையின் தூண்களான மகேஷ் கவ்லி, சமீர் நாயக் இருவரும் கோவாவின் டெம்போ கிளப்காரர்கள். மிட்ஃபீல்டில் அவர்களுக்கு முன்னால் நின்ற கிளைமேக்ஸ் லாரன்ஸும் டெம்போதான். தேசிய முகாம் முடிந்து ஊருக்குப் போனாலும் இவர்கள் மறுநாள் ஒரே மைதானத்தில்தான் நின்றார்கள். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 2008 சேலஞ்ச் கோப்பையின் முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கோல் அடித்துக் காப்பாற்றியதும் லாரன்ஸ்தான். அந்தப் போட்டி ஹைதராபாதில் நடந்துகொண்டிருந்தது, மழையில் மைதானம் சேறாகிப்போனதால் இறுதி ஆட்டம் டெல்லிக்கு வந்தது. அப்படித்தான் சேத்ரியின் மூன்று கோலைப் பார்க்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது.

2009 நேரு கோப்பை இறுதி, ஆகஸ்ட் 31. மறுபடியும் சிரியா. தொண்ணூறு நிமிஷத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில், 114-வது நிமிஷம், ரெனடி சிங்கின் ஃப்ரீ கிக் உள்ளே போனது. கேலரியில் யாரும் உட்காரவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த சர்தார்ஜி என் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

“சார், ஜெயிச்சாச்சு சார்!”

“இருப்பா. விசில் அடிக்கட்டும்.”

விசிலுக்கு முந்தைய கடைசி நொடிகளில் சிரியா ஒரு கோல் திருப்பியது. ஸ்டேடியம் செத்துப்போன மாதிரி ஆயிற்று. அப்புறம் பெனால்டி ஷூட்-அவுட். கோல்கீப்பர் சுப்ரதா பால் இடதும் வலதுமாகப் பாய்ந்து தடுத்துக் காப்பாற்றினார். 5-4. கோப்பை நம்மிடமே தங்கியது. அந்த ராத்திரி தர்யாகஞ்ச் தெருவில் நடந்து வரும்போது சார் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசி நிமிஷத்தில் விழுந்த அந்தக் கோல் களைப்பில் வரிசை உடைந்ததால் வந்தது, இவர்கள் இன்னும் சேர்ந்து ஆட வேண்டும் என்று.

முகாமே கிளப் ஆனபோது

ஹௌட்டனுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் முகாம்கள் நீண்டுகொண்டே போயின. போர்ச்சுகல், துபாய், 2009 நேரு கோப்பைக்கு முன்னால் பார்சிலோனா. ஆசியக் கோப்பைக்கு முன்னால் மாதக்கணக்கில் அணி அவர் கையிலேயே இருந்தது. இந்திய கிளப்புகளின் மைதானங்களும் பயிற்சி வசதிகளும் அவருக்குத் திருப்தி தரவில்லை, அதை வெளிப்படையாகவே சொல்லிவந்தார். அவருடைய தீர்வு, தேசிய அணியையே ஒரு கிளப் போல நடத்துவது.

அவர் நிலையில் இருந்து பார்த்தால் இதைத் தப்பு என்று சொல்ல முடியாது. அவர் பாடத்துக்குத் தினசரிப் பழக்கம் வேண்டும், தினசரி ஆட்டக்காரர்கள் கையில் இல்லை, ஆகவே இழுத்துப் பிடித்தார். முகாம்கள் இல்லாமல் 2007-ம் இல்லை, 2008-ம் இல்லை. சம்பளம் கொடுக்கிற கிளப்புகள் முணுமுணுத்ததும் நியாயம்தான். 2007 கடைசியில் தொடங்கிய தேசிய கிளப் லீக்கான ஐ-லீக் அப்போதுதான் கால் ஊன்றிக்கொண்டிருந்தது. நட்சத்திர ஆட்டக்காரர்கள் முகாமில் இருந்தால் லீக்கை யார் பார்க்க வருவார்கள்?

இதற்கு நாம் கொடுத்த விலை வேறு. கிளப்புகளில் இருந்து ஆட்களைப் பிரித்தெடுத்ததால், கிளப் கோச்சுகள் அந்தப் பாடத்தைக் கற்கும் வாய்ப்பே வரவில்லை. ஸ்வீடனில் ஹால்ம்ஸ்டாட் கோச்சும் யோத்தேபோரி கோச்சும் அதே முறையைத் தங்கள் அணியில் நடத்தினார்கள். இங்கே முகாம் கலைந்ததும் ஒருவர் கொல்கத்தா போனார், ஒருவர் கோவா போனார், ஒருவர் மும்பை போனார். ஒவ்வோர் ஊரிலும் வேறு வேறு ஆட்டம். அடுத்த முகாமில் முதலில் இருந்து தொடங்க வேண்டும். இந்திய கோச்சுகள் யாரும் ஹௌட்டனோடு சண்டை போடக்கூட இல்லை. ஸ்வீடனில் நடந்த அந்தச் சண்டை இங்கே நடந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

தோஹாவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டாம். 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, தென் கொரியாவிடம் 1-4. பஹ்ரைன் ஆட்டத்தில் இஸ்மாயில் அப்துல்லத்தீஃப் மட்டும் நாலு கோல். பூட்டியா காயத்தோடு போய், கடைசி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில்தான் களத்தில் இறங்க முடிந்தது. கொரியாவுக்கு எதிராக சுப்ரதா பால் தடுத்த பந்துகளுக்குக் கணக்கில்லை, இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். அந்த மூன்று அணிகளும் நம்மைவிட ரொம்ப மேலே இருந்தவை. அந்தத் தோல்விகளை வைத்து ஹௌட்டனை எடைபோடுவது சரியில்லை என்பது என் எண்ணம். எடைபோட வேண்டியது அதற்குப் பிறகு வந்ததை.

விலகிய பிறகு

ஏப்ரலில் அவர் போனார். டெம்போவைப் பலமுறை தேசியச் சாம்பியன் ஆக்கிய அர்மாண்டோ கொலாசோ சில மாதம் பார்த்துக்கொண்டார். அடுத்து சாவியோ மெதெய்ரா. 2011 டிசம்பரில் டெல்லி நேரு ஸ்டேடியத்தில் நடந்த சாஃப் (தெற்காசியக் கால்பந்து) போட்டியின் இறுதியில் ஆப்கானிஸ்தானை 4-0 என்று வென்றபோது எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது. மூன்றே மாதத்தில் காட்மாண்டு. பிறகு ஹாலந்துக்காரர் விம் கூவர்மான்ஸ், 2012-ல் டெல்லியில் இன்னொரு நேரு கோப்பை. ஆனால் 2015 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. ஒவ்வொரு கோச்சும் புதுப் பாடத்தோடு வந்தார், பழைய பாடப் புத்தகம் யாரிடமும் இல்லை.

2015-ல் வந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைனும் ஊர் ஊராகச் சுற்றியவர்தான். நேபாளம், மலாவி, சூடான், ருவாண்டா எல்லாம் பார்த்தவர். 2002 முதல் 2005 வரை இந்தியாவிலும் ஏற்கெனவே இருந்தவர். 2019 ஆசியக் கோப்பையில் அவர் அணி தாய்லாந்தை 4-1 என்று வென்றது. 1964-க்குப் பிறகு அந்தப் போட்டியில் நமக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. தோஹா போன அணியில் இருந்த சேத்ரியும் குர்ப்ரீத் சிங் சந்துவும் இங்கேயும் இருந்தார்கள். மற்றபடி ஹௌட்டன் காலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்ச்சி என்று கேட்டால் சொல்ல அதிகம் இல்லை. அதே போட்டியில் பஹ்ரைனிடம் தோற்றதும் கான்ஸ்டன்டைன் விலகினார். பாடம் மறுபடி பெட்டிக்குள் போனது.

ஆரோஸ் என்ற ஒரு விதை

ஆனாலும் ஹௌட்டன் காலத்திலிருந்து ஒரு விஷயம் மிஞ்சியது. 2010-ல் கால்பந்துக் கூட்டமைப்பு இளம் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து ஓர் அணி அமைத்து ஐ-லீக்கில் ஆட விட்டது. பின்னால் இந்தியன் ஆரோஸ் என்று பெயர் பெற்றது அதுதான். அதற்கு முதல் கோச் ஆங்கிலேயர் டெஸ்மண்ட் புல்பின். வருஷம் முழுக்க ஒரே பையன்கள், ஒரே கோச், ஒரே மைதானம், வாரா வாரம் பெரியவர்களோடு ஆட்டம். ஜெஜே லால்பெக்லுவா அதில் ஆடித்தான் வெளிச்சத்துக்கு வந்தார். ஊட்டியில் பிறந்த சி.எஸ். சபீத்தும் அதில் கோல் அடித்துப் பேர் வாங்கியவர். முகாமால் தர முடியாத தினசரிக் கூட்டத்தை இந்த அணியால் தர முடியும். தோஹாவுக்கு ஐந்து வருஷம் முன்பு இதைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

2013-ல் அதை மூடினார்கள். 2017 அக்டோபரில் டெல்லி நேரு ஸ்டேடியத்தில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்து, கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் கோல் அடித்துக் கூட்டம் எழுந்து நின்ற பிறகு, அந்தப் பையன்களை எங்கே ஆட வைப்பது என்ற கேள்வி வந்தது. ஆரோஸுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்.

2019-ல் அதன் கோச்சாக வந்தவர் சண்முகம் வெங்கடேஷ். பெயரைக் கேட்டதும் டெல்லித் தமிழர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பெங்களூரில் பிறந்தவர், இந்தியாவுக்கும் மகிந்திரா யுனைடெட்டுக்கும் மிட்ஃபீல்டில் ஆடியவர். கான்ஸ்டன்டைன் முதல் முறை வந்தபோது அவரிடம் ஆட்டக்காரர், இரண்டாம் முறை வந்தபோது உதவிக் கோச். பின்னால் இந்திய அணிக்குக் கோச்சாக வந்த இகோர் ஸ்டிமாச்சுக்கும் உதவியாக இருந்தார். வெளிநாட்டுக் கோச்சுகள் வந்து போகிறபோது அவர்கள் பாடத்தை உள்ளூரில் பிடித்து வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே, ஸ்வீடனில் ஹௌட்டனுக்குப் பிறகு பலர் அப்படி இருந்தார்களே, அந்த இடத்தில் நம்மிடம் இருந்த வெகு சிலரில் இவர் ஒருவர். மிட்ஃபீல்டில் ஆடியவருக்கு இது கைவந்த வேலை என்று பி.டி. சார் சொல்வார். முன்வரிசையும் பின்வரிசையும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பது நடுவில் நிற்பவனுக்குத்தான் எப்போதும் தெரியும், இரண்டு பக்க ஓட்டையும் அவன் தலையில்தானே விழுகிறது.

வெங்கடேஷின் ஆரோஸில் ஆடிய பையன்களில் ஆகாஷ் மிஸ்ராவும் விக்ரம் பிரதாப் சிங்கும் உண்டு. மிஸ்ரா அங்கிருந்து ஹைதராபாத் எஃப்.சி. போய் 2021-22 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பட்டம் வென்ற அணியில் இருந்தார், இந்திய அணியின் லெஃப்ட் பேக்கும் ஆனார். பந்து எதிர்ப்பக்கம் போகும்போது அவர் தன் ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே வருவதை டி.வி.யில் பார்த்தால் போதும், யாரோ பொறுமையாகப் பழக்கியிருக்கிறார்கள் என்று தெரியும்.

2022-ல் ஆரோஸை இரண்டாம் முறையாக மூடினார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 5 அன்று புவனேஸ்வரில் 20 வயதுக்குட்பட்டோர் சாஃப் இறுதியில் இந்தியா கூடுதல் நேரத்தில் வங்கதேசத்தை 5-2 என்று வென்றது, குர்கிரத் சிங் நாலு கோல். கோச் வெங்கடேஷ். அந்தப் பையன்கள் கோப்பையோடு ஊருக்குத் திரும்பியபோது, எல்லாரும் சேர்ந்து தினமும் ஆட ஓர் அணி இருக்கவில்லை.